தீப்படம் மட்டும் ஒட்டிய கேன்

காரியம் முடிந்தும் துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் அம்மா இதைத்தான் சொன்னாள். "ஆளாளுக்குக் குடத்தத் தூக்கினு ஓடியாந்தாங்க. நான் ஒருத்தரையும் கிட்ட வுடல. ஒரு சொட்டுத் தண்ணி படவுடல. பட்டிருந்தா உடம்பெல்லாம் கொப்பளிச்சிருக்கும். அந்த ஒரு வேலையாவது அவருக்கு நான் ஒழுங்கா செஞ்சேன்."

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். தீப்புண்ணில் தண்ணீர் ஊற்றினால் கொப்பளிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. பேனா மை தடவு, தோசை மாவு பூசு, கம்பளியைச் சுற்று, தண்ணீரை மட்டும் தொடாதே என்பார்கள். அம்மா தனம் அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் வந்தவர்களுக்குக் காப்பி கலப்பேன். என் பெயர் அன்புச்செல்வி. அப்போது பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். என் அப்பா பலராமனைக் கொன்றது தீ இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா வேலை பார்த்தது போளூர் ரோட்டில் சக்கரபாணி முதலாளியின் சாயக் கடை கோடவுனில். ஆரணிப் பட்டுக்குச் சாயப்பொடியும் அசிட்டிக் ஆசிட்டும் அங்கிருந்துதான் போகும். பட்டை அலசும் கடைசித் தண்ணீரில் அந்த ஆசிட்டைக் கொஞ்சம் விட்டால் பளபளப்பு வரும். கலப்பில்லாத ஆசிட், பெரிய பேரலில் வரும். அப்பா அதைக் கேன்களில் பிரித்து ஊற்றுவார். பேரல் மேல் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில், குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஒரு இரும்புத் துண்டையும் அரிக்கும். இன்னொன்றில் தீ எரியும். முதலாளி கேனில் தீப்படத்தை மட்டும்தான் ஒட்டுவார். ஆசிட் என்று தெரிந்தால் பார்சல் ஆபீஸில் மற்ற சரக்கோடு ஏற்ற மாட்டார்கள். தீப்படம் என்றால் ஏதோ தின்னர், மண்ணெண்ணெய் வகையறா என்று ஏற்றிவிடுவார்கள். இதுதான் அவருடைய வியாபார சாமர்த்தியம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் சித்ரா பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்களுக்கு முதலாளி வருஷா வருஷம் கோடவுன் வாசலில் அன்னதானம் போடுவார். புண்ணியத்துக்குக் குறைச்சல் வைக்காத மனுஷன். வாசலில் தண்ணீர்ப் பந்தல், உள்ளே தள்ளி விறகு அடுப்பில் பெரிய அண்டா. அம்மா அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரணிக்கு அவசரமாக அனுப்பவேண்டும் என்று முதலாளி சொன்னதால் அப்பா அன்றைக்கும் ஆசிட் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கினி வெயில் நேரம். அந்தச் சூட்டில் அந்த ஆசிட் கண்ணுக்குத் தெரியாமல் ஆவி விடும். அடுப்பைத் தாண்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு போகையில் கால் வழுக்கி, கேன் சரிந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை கொட்டியது. ஆவியை அடுப்புத் தீ பிடித்தது.

தீயை ஈரச்சாக்கு போட்டு உடனே அணைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் சரி. பக்கத்து டீக்கடை கன்னியம்மாக்கா தண்ணீர்ப் பந்தலிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா கேனைப் பார்த்தாள். தீப்படம் இருந்தது. குடத்தைத் தட்டிவிட்டாள். டீக்கடையில் ராத்திரி தோசைக்கு வைத்திருந்த மாவை அள்ளி அப்பா மார்பில் பூசிக் கம்பளியைச் சுற்றினாள். புளித்த மாவு அது. ஆசிட்டின் மேல் இன்னொரு புளிப்பு. பௌர்ணமியன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் தட்டுவண்டியில் கிடத்தி, ஜனக்கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர வெகுநேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் கம்பளிக்குள் ஆசிட் ஆற அமர வேலை பார்த்திருக்கிறது.

நான் கீழ்பென்னாத்தூரில் சித்தி வீட்டில் இருந்தேன். சேதி வந்து, பஸ் பிடித்து, ஊர் எல்லையில் இறங்கி நடந்து, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வராந்தாவில் அந்தக் கம்பளி சுருட்டிக் கிடந்தது. அதிலிருந்து வந்த நெடி எங்கள் காலேஜ் லேபில் தினமும் நான் மோந்த நெடி. ஆசிட்டைக் கழுவவே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. டியூட்டி டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அப்பவே நிறைய தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்மா. இப்ப ரொம்ப ஆழமா போயிடுச்சு" என்றார். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் அம்மா கிணற்றடிக்குப் போனாள். வாளி எடுத்துப் போகவில்லை. கன்னியம்மாக்கா பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடி இழுத்துவந்தாள். அப்போது கன்னியம்மாக்கா விவரம் தெரியாமல் ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். "நீ இன்னா தப்பு பண்ண தனம்? ஊரே தண்ணிய ஊத்த வந்துச்சு, நீதான நிதானமா நின்ன." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா மறுபடியும் சோறு தின்ன ஆரம்பித்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்வதற்கும் காரணம் அதுதான். அது பொய் என்று தெரிந்தால் அவள் அடுத்த தடவை யாரும் பார்க்காத நேரத்தில் போவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அம்மாவுக்கு அந்த நாளின் ஞாபகம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. "நீதான கால புடிச்சினு இருந்த?" என்று என்னைக் கேட்பாள். நான் அப்போது அங்கே இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். மறுநாளும் அதையே கேட்டாள். பிறகு விட்டுவிட்டேன்.

வேலை செய்த இடத்தில் நேர்ந்த சாவு என்பதால் விசாரணை வந்தது. சக்கரபாணி முதலாளி, பலராமன் பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. கேனில் இருந்தது என்ன சரக்கு, அதன் ஆபத்து எந்த வகை என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் காலேஜுக்கு மாதிரி அனுப்பினார்கள். அது எங்கள் இளஞ்செழியன் சாரிடம் வந்தது. வேதியியல் துறையில் அவரைப் போல் கறாரான ஆள் கிடையாது. ரிக்கார்டு நோட்டில் கோடு கோணலாக இருந்தால்கூடத் திருப்பிக் கொடுப்பார்.

நான் அவர் வீட்டுக்கே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் அன்றைக்கு அங்கே இல்லை என்பதையும், அம்மா குடத்தைத் தட்டிவிட்டதையும், கிணற்றையும் சொன்னேன்.

"தீப்பற்றும் திரவம்னு மட்டும் எழுதுங்க சார். அது ஒண்ணும் பொய் இல்லியே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாதியச் சொன்னாலும் பொய்தாம்மா. அதுக்கு ரெண்டு ஆபத்தும் இருக்கு. வகைப்படுத்தும்போது அரிக்கிறதுதான் முதல், தீ ரெண்டாவது. அந்த ஆளு முதல் ஆபத்தக் கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டாவத மட்டும் ஒட்டியிருக்கான்."

"எங்கம்மா செத்துடுவாங்க சார்."

"உங்கப்பா வேலைக்கு இப்ப யாரு வந்திருக்காங்க தெரியுமா?"

தெரியும். அடி அண்ணாமலையிலிருந்து சகாதேவன் என்கிற ஆள் வந்திருந்தார். மூன்று பிள்ளைகள்.

"அவரு மேல கொட்டினா அவரு வீட்டுக்காரம்மாவும் தோசை மாவத்தான் பூசும்" என்றார் சார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் கோபம். வணக்கம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

விசாரணைக்கு வரவேண்டாம் என்று அம்மாவை எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. "எங்காளு பீடி குடிச்சாருன்னு எழுதியிருக்கான். நான் வந்து சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கலெக்டர் ஆபீஸில் ஒரு சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்கிறவர். ஒரு பெஞ்சில் சக்கரபாணி முதலாளியும் அவருடைய வக்கீலும். எதிர் பெஞ்சில் நாங்கள், கன்னியம்மாக்கா, ஓரமாக இளஞ்செழியன் சார். முதலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். பீடி இல்லை, அடுப்புதான் என்று தெளிவாகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மனசுக்குள் நிறுத்து நிறுத்து என்று கதறினேன். "ஒரு சொட்டுத் தண்ணி அவரு மேல படவுடலைங்கய்யா" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். டைப் அடிக்கிறவர் அதையும் அடித்தார். வக்கீல் முதலாளி பக்கம் சாய்ந்து என்னவோ முணுமுணுத்தார்.

அடுத்து சார். காகிதத்தைப் பார்த்துப் படித்தார். தீப்பற்றும். அரிக்கும். முதன்மை ஆபத்து அரித்தல், துணை ஆபத்து தீ. கேனில் இரண்டு படமும் இருந்திருக்கவேண்டும். முதலாளி முகம் செத்துப்போனது. எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "சரிங்க சார். இந்தத் திரவம் மேல பட்டா முதல்ல என்ன செய்யணும்?"

சார் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார். "தண்ணி ஊத்திக் கழுவணும்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரத்துக்குக் கம்மியில்லாம."

"வாசல்லயே தண்ணீர்ப் பந்தல் இருந்துச்சு. குடமும் வந்துச்சு. ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"வாய்ப்பு இருந்தது" என்றார் சார். அந்த மனுஷனுக்குப் பொய் வராது.

"அப்ப, அய்யா, சாவுக்குக் காரணம் ஸ்டிக்கர் இல்ல. தண்ணிய ஊத்தவுடாம தடுத்தவங்கதான்."

அம்மாவுக்கு உடனே புரியவில்லை. அவள் உதடு அசைந்தது. தண்ணி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவள் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. எனக்குக் கிணறு மட்டும்தான் ஞாபகம் வந்தது. எழுந்தேன்.

"அம்மா இல்லைங்க. நான்தான் தடுத்தேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீ அங்க இருந்தியாம்மா?"

"இருந்தேங்க. அப்பா கால நான்தான் புடிச்சிருந்தேன். தண்ணி ஊத்தலாமான்னு அம்மா என்னக் கேட்டாங்க. வேணாம், கொப்பளிக்கும்னு நான்தான் சொன்னேன். நான் சொன்னதுனாலதான் குடத்தத் தட்டிவுட்டாங்க."

"நீ வேதியியல் படிக்கிற பொண்ணுதான?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

சாருக்கு நான் சொல்வது பொய் என்று தெரியும். அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாயைத் திறக்கவில்லை. அதிகாரி கன்னியம்மாக்காவைப் பார்த்துக் கேட்டார். "குடம் கொண்டுவந்தது நீங்கதான? இந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?"

கன்னியம்மாக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமாங்கய்யா" என்றாள். "இந்தப் பொண்ணுதான் வேணான்னு சொல்லுச்சு."

என் முழங்கையிலிருந்து அம்மாவின் கை விலகியது.

குடும்பத்தாரின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். கேனில் இரண்டு படமும் ஒட்டவேண்டும் என்று முதலாளிக்கு உத்தரவு போனது. சகாதேவனுக்குக் கையுறை வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதுவரை நல்லதுதான். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சோறு போட்டு வைத்தேன். அம்மா தட்டைத் தொடவில்லை. பயந்துபோய்க் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தேன், கிணற்றுப் பக்கம் போனால் பிடிக்கலாம் என்று. அவள் கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து வாசனை இல்லாதவ நான். எனக்குத் தெரியாதுன்னுதான உன்ன ஒரு வார்த்த கேட்டேன்" என்றாள். "ஊத்தட்டுமாடின்னு எவ்ளோ கெஞ்சினேன். எங்காளு முகத்தப் பாத்துகினே வேணான்னு சொன்னியே."

அவள் என்னை எதுவும் கேட்டதில்லை, கெஞ்சியதும் இல்லை. நான் விசாரணையில் சொன்ன பொய் வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஞாபகமாகவே ஆகிவிட்டது. இனி எந்தச் சத்தியத்தாலும் அதை அழிக்க முடியாது. அம்மா எழுந்து போய்க் கன்னியம்மாக்கா கடையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்து படுத்தாள். என் கையால் எதையும் வாங்கவில்லை.

படிப்பை முடித்து வேலூரில் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். அனுப்புகிற பணம் திரும்பி வந்தது. தீபாவளிக்குப் போனால் கதவைச் சாத்திக்கொள்வாள். என் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. என் பெண் பிறந்தபோதும் வரவில்லை. என்னைக் கொலைகாரி என்று அவள் எல்லோரிடமும் சொல்வதாகச் சித்தி வந்து சொல்லி அழுதாள். எனக்கும் எத்தனையோ தடவை, போய் உண்மையைச் சொல்லி அவள் மடியில் விழுந்துவிடலாமா என்று தோன்றியிருக்கிறது. எனக்கு அம்மா வேண்டும். அதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

போன மாசம் கன்னியம்மாக்கா தன் மகன் செல்போனிலிருந்து பேசினாள்.

"எனக்கும் உடம்பு முடியல செல்வி. நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்குது. நான் போறதுக்குள்ள தனத்துகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமா? நீ இன்னும் எத்தினி நாளைக்குத்தான் இத சுமப்ப?"

நான் கேட்டது இதுதான்.

"அம்மா சாப்புடறாங்களாக்கா?"

"சாப்புடுது. உன்ன வாய்க்கு வந்தபடி திட்டிகினே மூணு வேளையும் சாப்புடுது."

"அப்ப விடுங்கக்கா" என்றேன்.