முதல் பக்கத்துச் சுழி

"இந்தப் பக்கத்த எடுக்க ஏலாது மகள்," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த ஆஸிகா.

மாணவர் கட்டுரைப் போட்டிக்கு ஆக்கங்களைப் பொறுப்பேற்க, கண்டியில் ஒரு மண்டபத்தில் போட்டிருந்த மேசை அது. பகல் பன்னிரண்டுக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. தெல்தோட்டையிலிருந்து மோகனராஜும் மகள் தர்ஷிகாவும் வந்து சேர்ந்ததே அப்போதுதான்.

ஆஸிகாவின் விரல் தாளின் உச்சியைத் தொட்டது. அங்கே ஒரு பிள்ளையார் சுழி.

"பேர், ஸ்கூல், சமயம், ஒண்டையும் காட்டுற அடையாளம் ஈக்கக் கூடாதுண்டு விதி. எழுதினது ஆரெண்டு நடுவருக்குத் தெரியப்படாது."

எட்டாம் வகுப்பு தர்ஷிகாவின் முகம் வெளுத்தது. "நான் போடல மிஸ். டீச்சர் அத்தன தடவ சொன்னாங்க. சத்தியமா போடல."

"சாமியவே சிபாரிசுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க போல," என்றார் வரிசையில் பின்னால் நின்ற திருச்செல்வம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சுழியைப் போட்டவர் மோகனராஜ்தான். காலையில் மகள் தலை சீவிக்கொண்டிருந்தபோது தாளின் மேற்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டார். பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தார். லீவுக் கடிதத்தைக்கூடச் சுழி போடாமல் எழுதத் தொடங்காத மனிதர். இப்போது பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பிள்ளை பொய்க்காரியாக நிற்கிறாள். எந்தப் பிள்ளையாரை நம்பிச் சுழி போட்டாரோ, அவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"நான்தாங்க போட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

தர்ஷிகா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தலை குனிந்தார்.

ஆஸிகா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் கதிரையை மேசை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, ஒரு வெற்றுத் தாளையும் வைத்தார். "அந்த ஒரு பக்கத்த மட்டும் திரும்ப எழுதுங்க. மூட முன்னம் தந்தாச் சரி." மீதி வரிசையை அவர் நின்றபடியே கவனித்தார்.

பார்த்துப் பார்த்து எழுத நேரம் போதாது. "அப்பா, நீங்க வாசிங்க. வேகமா."

மகள் எழுதியதை மோகனராஜ் அன்றுதான் வாசித்தார். "'பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டால் எங்கள் ஊரில் பஸ் நிற்பதில்லை. அந்த நாட்களில் அப்பா என்னோடு இரண்டு கட்டை தூரம் நடந்து வருவார். கடைக்குப் பிந்திப் போய் முதலாளியிடம் ஏச்சு வாங்குவார். வீட்டில் அதைச் சொன்னதே இல்லை. ஒருநாள் கடை வாசலில் நின்று நான்...'"

எழுத்துகள் கலங்கின. பதினொன்று ஐம்பத்தைந்து.

"அப்பா! பொறகு அழுங்க. அடுத்த வரி!"

அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து வரியைத் தேடினார். பின்னாலிருந்து ஒரு கை தாளை வாங்கியது. "'ஒருநாள் கடை வாசலில் நின்று நானே அந்த ஏச்சைக் காதால் கேட்டேன்,'" என்று திருச்செல்வம் வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, பேனை போகும் வேகத்துக்கு, கடைசி வரி வரை வாசித்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்க, ஆஸிகா தாள்களைச் சேர்த்துக் குத்தி, இலக்கமிட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

வீதிக்கு வந்ததும் தர்ஷிகா நின்றாள்.

"இனிமே எம் தாள்ல கை வைக்கக் கூடாது."

"இல்லம்மா."

"கடையில ஏசுனா வீட்டுல சொல்லணும்."

அவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சொல்றேன்," என்றார்.