அடுப்புக்கு எதிரே ஒரு படம்

...துடைத்தால் போய்விடுமா, போகாது, ஈரத்துணி பட்டால் காகிதமே பிய்ந்துகொண்டு வரும், கோயில் வாசலில் விற்கிற காளிகாட்டுப் படமெல்லாம் தண்ணீரில் கரைத்த சாயம்தானே, அப்புறம் படத்துப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும், அதற்கு என்ன பதில் சொல்வது, எலி கடித்தது என்றா... பாகீரதி துணியைப் பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். பவானிபூர் டிராமின் மணி கேட்டது. அவர் வருகிற வண்டியா, அடுத்ததா? அடுப்புக்கு எதிரே, அவள் கண் படுகிற உயரத்தில், புருஷன் பட்டாபிராமன் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டிய படம். சுருட்டை முடியும் பூட்ஸுமாக ஒரு வங்காளி பாபு கத்தியை ஓங்கி நிற்கிறான், காலடியில் அவன் பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். கேட்காமல் கோயிலுக்குப் போய்வந்ததற்கு முதுகில் விழுந்தது போதாதென்று, மறுநாள் ஆபீஸிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். "தினம் இதைப் பாத்துண்டே சமைடி. அடங்காதவளுக்கு என்ன ஆகும்னு மறக்காது." மறக்கவில்லை, ரசம் கொதிக்கும்போதுகூட மறக்கவில்லை, ஆனால் எத்தனை நாள்தான் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டே கிடப்பாள், பாவி, கத்தி எந்தப் பக்கம் வருகிறது என்றாவது பார்க்க வேண்டாமா... காலையில் கீழ்வீட்டு வங்காளி மாமி, மாஷிமா சொன்னாள், பூஜைக்குச் செய்கிற துர்க்கைக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்களாம், அதுவரை வெறும் மண்தானாம். சொல்லிக்கொண்டே இவள் உதட்டு வீக்கத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் கதவு திறந்துதான் இருக்கும் பௌமா, என்றாள் வங்காள மொழியில், தன் மருமகளைக் கூப்பிடுவதுபோல. இறங்கிப் போய்விடலாமா? போனால் மறுபடி ஏற முடியுமா? பிறந்தகத்துக்குப் போனாலும், அனுசரித்துப் போடி என்று அப்பாவே ரயிலேற்றிக் கொண்டுவந்து விடுவார். மத்தியானம் கண்மைச் சிமிழைத் தன் கண்ணுக்காகத்தான் திறந்தாள், சத்தியமாக, விரல்தான் சுவரிலிருந்த படத்துக்குப் போயிற்று, இப்போது அந்தப் பெண் கறுகறுவென்று விழித்துக்கொண்டு...

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஐயோ, துணி. துடைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை, ஈரத்துணியோடு நின்றாள். "ஜலம் கொண்டாடி." கொடுத்தாள். சமையற்கட்டு வாசலில், படத்துக்கு நேரே நின்றுதான் அண்ணாந்து குடித்தார், படத்தைப் பார்க்கவேயில்லை. மாட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அப்படியானால் தினம் வந்ததும் எதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு உள்ளே போவார், இவள் குனிந்த தலையைத்தானா... சொம்பு பாதியில் நின்றது.

"என்னடி அப்படிப் பாக்கறே?"

பயமாகத்தான் இருந்தது, தலையைக் குனிந்துகொள்ளடி என்று மனசு கெஞ்சியது... கண் மட்டும் கீழே இறங்கவில்லை.