தேன்மதுக்காரி கொண்டுபோன சேதி

சீமியன் மலையடி அரண்மனையில் அரசருக்குத் தேன்மது ஊறவைப்பவள் தெருனெஷ். அரசர் படுக்கையில் விழுந்திருந்தார். முடி இளையவன் கப்ரேவுக்கு என்று சொல்லிவிட்டார். வேறு தாய்க்குப் பிறந்த மூத்தவன் தெசமா ஆற்றுக்கு அக்கரையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். சபையில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று மதியம் அவள் வழக்கம்போல் முதல் வாய் மதுவை உள்ளங்கையில் ஊற்றிக் விஷமில்லை என்று குடித்துக் காட்டினாள். ஆனால் குப்பியை நீட்டவில்லை.

"ராசா, ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே சாப்பாட்டுக் கூடையச் சுத்தி உக்காந்து சாப்பிட வையுங்க. இல்லன்னா என் வீட்டுல நடக்கிறது உங்க வீட்டுலயும் நடக்கும்."

என்ன நடக்கிறது என்று அரசர் கேட்டார். இருபது வருடத்துக்கு முன் தெற்கே இரண்டு பிரபுக்கள் மோதியபோது அவளுடைய மகன்கள் மெர்ஷாவும் அடானேயும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒரே பள்ளத்தில் கிடந்த இருவரையும் அவளே புதைத்தாள். அன்றிலிருந்து அவள் பார்லி வறுக்க உட்கார்ந்தால் இருவரும் வந்து அடுப்புக்கு எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை.

"யாரு யாரக் கொன்னது?"

"கேட்டதில்ல ராசா. கேட்டா ஒருத்தன் எந்திரிச்சுப் போயிருவான்."

 அரசர் தன் மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்து, இதையே மகன்களிடமும் போய்ச் சொல்லும்படி தன் கோவேறு கழுதையில் அனுப்பினார்.

தெசமா அவளை உட்காரவைத்து, இஞ்செரா ரொட்டியைப் பிய்த்துத் தன் கையாலேயே ஊட்டினான். முழுக்கக் கேட்டான். தம்பி ஆட்களைக் கலைத்தால் மறுநாளே தானும் கலைப்பதாகச் சொன்னான். அவள் ஆற்றைக் கடந்து கப்ரேவிடம் போனாள். அவன் கண் கலங்கியது.

"நான் முதல்ல கலைச்சா அவன் ராத்திரியே வந்துருவாம்மா. உனக்கு அவனத் தெரியாது."

மூன்று முறை ஆற்றைக் கடந்தாள். நான்காம் முறை போகும்போது பார்லி வயலில் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

கப்ரே ஜெயித்தான். தெசமாவின் உடலைக்கூட யாரும் கண்டெடுக்கவில்லை.

முடி சூட்டிய அன்று அரசர் படுக்கையில் இருந்தபடியே கப்ரேவை ஆசீர்வதிக்கக் கை தூக்கினார். பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"பெரியவன் வெளியில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான். உள்ள விடுங்கடா."

வெளியே நல்ல வெயில். காவலர்கள் புது ராசாவின் முகத்தைப் பார்த்தார்கள். கப்ரே வாசல் பக்கம் தலையசைத்தான். அவர்கள் கதவைத் திறந்து, யாருமில்லாத வாசலுக்குக் குனிந்து வழிவிட்டார்கள்.