தீயில் காட்டாத பாட்டில்

ஆய்வுக்கூடத் தலைவிக்கு அந்தக் கடைசி அலமாரியைப் பார்த்தாலே முகம் கோணும். மற்ற அலமாரிகளில் பாட்டில்களுக்குள் வாழைக் குருத்துகள், டப்பாவில் வந்த வளர்ச்சி ஊக்கி மருந்து கலந்த ஊட்டக்கூழில் முறையாக வளர்ந்தன. கடைசி அலமாரி அவளுடைய நாத்தனாருடையது. அங்கே ஊக்கிக்குப் பதில் இளநீரும் மசித்த பழமும்.

"இது லேபா, ஜூஸ் கடையா?"

"இளநீர்லயும் ஊக்கி இருக்கே அண்ணி."

"உங்கண்ணன் மாதிரியே எதுக்கும் ஒரு பதில் வச்சிருக்க. அவருக்காவது அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. நீ அடுப்பைத் தூக்கிட்டு லேபுக்கே வந்துட்ட."

முதலாளி வந்து பார்த்துப் பிடித்துப் போனால் அலமாரி தொடரும். இல்லாவிட்டால் நாத்தனார் பழையபடி பாட்டில் கழுவும் தொட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். தொட்டிதான் அவளுக்குப் பொருத்தம் என்பது தலைவியின் தீர்மானம்.

முதலாளி வருவதற்குச் சில நாள் முன்பு, மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தலைவி கடைசி அலமாரியின் முன்வரிசைப் பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தாள். அழுகல் வாடை வரும் என்று நம்பிக்கை. வரவில்லை. மூடியைத் திறந்ததும், கிருமி புகாமலிருக்கப் பாட்டிலின் வாயைச் சுடரில் காட்ட வேண்டும். அதை மறந்தவர்களை அவளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஜூஸுக்கு எதற்குத் தீ என்று உதட்டைப் பிதுக்கியபடி அப்படியே மூடி வைத்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாத்தனார் நின்றிருந்தாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

முதலாளி வந்த அன்று முன்வரிசை முழுவதும் வெள்ளைப் பூஞ்சை.

"என்னம்மா இது, பஞ்சு மூட்டையா?"

தலைவியிடம் பதில் தயாராக இருந்தது. இனிப்பைக் கொட்டினால் பூஞ்சை வராதா என்பதே அது. எல்லா அலமாரிக் கூழிலும் சர்க்கரை உண்டு என்பது அவளுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் சார். தீயில காட்டாம திறந்துட்டேன் போல."

அண்ணியின் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

தலைவிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தினமும் இரவு கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறவள்தான் அவள். ஆனால் இவளிடம் யார் கேட்டது? கடவுள் யோசிப்பதற்குள் இந்த ஜூஸ் கடைக்காரி மன்னித்து முடித்துவிட்டாளே. அதை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"உருப்படியா ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல இவளுக்கு," என்றாள். "திறந்தது நான் சார். தீயில காட்டாததும் நான்தான்."

"நீங்களா?"

"நானேதான். பின்வரிசையைப் பாருங்க. அதை நான் தொடல."

முதலாளி பின்வரிசைப் பாட்டில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கூழின் மேல் பச்சைக் குருத்துகள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இந்த அலமாரி இருக்கட்டும்," என்றார்.

அவர் போன பிறகும் நாத்தனார் அங்கேயே நின்றாள். "அண்ணி..."

"மரம் மாதிரி நிக்காத. பூஞ்சை சாகற வரைக்கும் அந்தப் பாட்டிலை எல்லாம் மூடியோட ஆவியில வச்சு எடு. கழுவறது நான்."

"நீங்களா அண்ணி?"

"உனக்குக் கழுவவும் சரியா வராது."