கேப்டன் தட்டிய கதவு

அறுபத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில் பெத்தேல் தெருவில் தொலைக்காட்சியின் ஒரே விண்வெளித் தொடர் வீட்டுக்கு ஒரு கதையாக ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம், தேநீர் வேளையில். நடிகர்கள் அதே நடிகர்கள்தான், அட்டையில் செய்த அதே விண்கலம்தான், தொடக்க இசையும் அதேதான். எழுதியவர் பெயர் மட்டும் மாறும். இறைச்சிக்கடை இட்ரிஸ் வீட்டுத் திரையில் தேவாலயத்து ஆர்கன்காரர் பெயர் வந்தது. அங்கே செவ்வாய்க் கிரகத்து அரக்கர்கள் நான்கு குரலில் பாடிக்கொண்டே படையெடுத்தார்கள். ஆர்கன்காரர் வீட்டில் இட்ரிஸின் கதை. அதில் கேப்டன் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதலில் அங்கே ஆட்டுக்கறி என்ன விலை என்று விசாரித்தார். எல்லாம் கம்பியால் வந்தது என்றார்கள். வேல்ஸின் அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குக்குள் ஒளிபரப்பு அலை இறங்காது என்பதால் மலையுச்சியில் ஒரு பொது ஆன்டெனா நட்டு, அதிலிருந்து ஒரே கம்பியை வீடு வீடாக இழுத்திருந்தார்கள். ஒரு வீட்டு நினைப்பு அதன் வழியே வழிந்து இன்னொரு வீட்டுக்குப் போகாமல் என்ன செய்யும்?

ஒரே சங்கடம், எழுதியவர்களுக்குத் தாங்கள் என்ன எழுதினோம் என்று தெரியாது. ஒருத்தரும் பேனாவைத் தொட்டதில்லையே. தெரிய வேண்டுமானால் அது ஓடுகிற வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் பாதித் தெரு, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு, மீதித் தெருவின் வீடுகளில் உட்கார்ந்திருந்தது.

நெஸ்டா பெய்னன் மட்டும் எங்கும் போகவில்லை. அவள் வீட்டில் ஓடியது எதிர்வீட்டுத் தங்கை எலுனெட்டின் கதை. எலுனெட் வீட்டில் ஓடியது நெஸ்டாவின் கதை. அக்காளும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

சுரங்கத்தில் உழைத்த அப்பாவின் அடக்கத்தன்று வந்த வினை அது. அந்தப் பக்கத்தில் மரியாதைப்பட்ட மனிதனை வழியனுப்புவதென்றால் வந்தவர்களுக்கு வேகவைத்த பன்றித்தொடை பரிமாற வேண்டும். விருந்துப் பொறுப்பை ஏற்றிருந்த எலுனெட், டின் மாட்டுக்கறியை வெட்டி அடுக்கிவிட்டாள். நெஸ்டா தட்டைத் தள்ளிவைத்து, "பெத்த அப்பனை டப்பாக் கறியோட புதைச்சவடி நீ" என்று ஊரார் முன்னால் கேட்டுவிட்டாள். எலுனெட் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை தங்கை பெயரைத் திரையில் பார்த்ததும் நெஸ்டா பெட்டியை அணைக்கத்தான் எழுந்தாள். அதற்குள் கேப்டன் வாயில் எலுனெட்டின் கிண்டல் வந்துவிட்டது. ஒன்பது வருஷமாகக் காதில் விழாத கிண்டல். போனால் போகிறது, இந்த ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். பிறகு எல்லா வாரமும் உட்கார்ந்தாள்.

தன் கதை அந்த வீட்டில் என்ன பாடு படுகிறதோ என்ற அரிப்பு மட்டும் அவளை விடவில்லை. ஒரு சனிக்கிழமை எலுனெட்டுக்குக் கறி கொடுக்கப் போன இட்ரிஸ் நேராக இங்கே வந்தான்.

"நெஸ்டா, உன் கதையைப் பார்த்தேன். தப்பா நினைச்சுக்காதே, மகா அறுவை."

"ஏன், என்ன குறைச்சலாம் அதுக்கு?"

"கேப்டன் இன்னொரு விண்கலத்தோட கதவைத் தட்டுறான். தட்டுறான், தட்டிக்கிட்டே இருக்கான். அதோட இசையைப் போட்டு முடிச்சிடுறாங்க. எல்லா வாரமும் இதே கூத்துதானாம்."

"உள்ள யாரு இருக்காங்களாம்?"

"நல்லா இருக்கே! எழுதினவ நீ, என்னைக் கேக்குறே?"

நெஸ்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் ஆட்டுக்கறிக் கதைக்கு இது எவ்வளவோ தேவலை. போய் வேலையைப் பாரு" என்று அனுப்பிவைத்தாள்.

தொடரின் கடைசிக்கு முந்தைய வாரம் எலுனெட்டின் கதையில் விண்கலத்துக் கிழ இன்ஜினியர் சாகக் கிடந்தார். பக்கத்தில் வெள்ளிச் சட்டை போட்ட சின்ன மகள். "சின்னவளே, நான் போனதும் பன்றித்தொடை மட்டும் வேண்டாம்மா. உங்கம்மா போனதுலேருந்து பெரியவ ஞாயித்துக்கிழமை தவறாம அதை ஆக்கிப் போடுறா. எனக்கு வாயில வைக்க முடியல. பிடிச்ச மாதிரியே தின்னு தீர்த்துட்டேன். நிலவுச் சுரங்கத்துல தின்னோமே டின் கறி, அது போதும் எனக்கு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, ஒடிஞ்சு போயிடுவா."

"சத்தியமா சொல்ல மாட்டேன்ப்பா" என்றாள் சின்னவள்.

நெஸ்டாவுக்கு முதலில் வந்தது கோபம். "அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று சுவரில் இருந்த அப்பா படத்தைத் திட்டித் தீர்த்தாள். பிறகுதான் அழுகை வந்தது. தனக்காக அல்லவா அந்தப் பெண் ஊர்ப் பழியைச் சுமந்துகொண்டு வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்! அடுத்த வாரத்தோடு தொடர் முடிகிறது. முடிந்துவிட்டால் தங்கை குரலை எந்தப் பெட்டியில் கேட்பது? ஆனாலும் ரோஷம் லேசில் காலை விடவில்லை. அந்த வாரம் முழுக்க எதிர்வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை தூறலில், வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து, தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பெட்டியில் கேப்டனும் தட்டிக்கொண்டிருந்தார்.

"போதும்யா! இத்தனை வாரமா தட்டுறியே, கை வலிக்கலையா உனக்கு?" என்று எலுனெட் பெட்டியைப் பார்த்துக் கத்தியது வாசல்வரை கேட்டது.

"வலிக்குதுடி" என்றாள் நெஸ்டா. "திற."

உள்ளே கேப்டன் தட்டுவதை நிறுத்திவிட்டார். கதவு திறந்தது. "அப்பா பன்றித்தொடை வேண்டாம்னாராமே, போன வாரம் உன் கதையில வந்துடுச்சுடி" என்றாள் நெஸ்டா.

"அக்கா, நான் வேணும்னு எழுதலக்கா. அப்பா சத்தியம் வாங்கியிருந்தாரு."

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாருடி அந்த மனுஷன்!"

"உன் முகத்துக்காகத்தான்க்கா."

இருவரும் வாசற்படியிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை எங்கே சிரிப்பாக மாறியது என்று அவர்களுக்கே தெரியவில்லை. "டின் கறி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நெஸ்டா உள்ளே போனாள்.

ரொட்டியும் கறியுமாக உட்கார்ந்து பார்த்தால், திரையில் வேறு யாரோ லண்டன்காரர் பெயர். நாடு முழுக்க ஓடிய அசல் கதை அதுதான் போலிருக்கிறது. கேப்டன் காந்தப்புலம் பற்றி நெடுநேரம் பேசினார். இருவருக்கும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு போலீஸ் தொடர் வந்தது. அதையும் தெருவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்காளும் தங்கையும் சேர்ந்து உட்காரும் வீட்டில் மட்டும் எந்தத் தொடரானாலும் லண்டன்காரர்கள் எழுதியதே வந்தது. அவர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.