வெயிலில் விழுந்த ராஜபார்ட்

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் கண்ணுசாமியை மேடையில் பார்த்துச் சிரிக்காதது தொட்டில் பிள்ளை மட்டும்தான். அவனுக்கு வலது கால் குட்டை. தாங்கித் தாங்கி நடப்பான். அதனாலேயே எந்த நாடகம் போட்டாலும் அவனுக்குப் பபூன் வேஷம். ஊரே வயிறு குலுங்கும். அவன் பெண்டாட்டி மூக்காயி மட்டும் எட்டிப் பார்க்க மாட்டாள்.

"எம் புருசன் நடையப் பாத்து ஊரு சிரிக்கும். நானும் போயி அதுல ஒக்காரணுமாக்கும்?" என்பாள்.

யாரும் சிரிக்காத ஒரு வேஷத்தில் அவள் தன்னை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். கண்ணுசாமிக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்கு வழி பண்ணியவர் மிஷன் பள்ளிக்கூடத்து செபமாலை வாத்தியார். நாடகம் எழுதுகிற கிறுக்குப் பிடித்த மனிதர். அமெரிக்காக்காரர்கள் வெள்ளைக்கார ராஜாவோடு மல்லுக்கு நின்ற கதையை எழுதினார். அதில் கிரீன் என்று ஒரு ஜெனரல். கொல்லுப்பட்டறைக்காரர் மகன், அவருக்கும் கால் தாங்கும். நொண்டி அதிகாரி வேண்டாமென்று ஊர்ப்படை ஒதுக்கியது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் பிறகு ஜெனரலே ஆனார். தோற்பார், பின்வாங்குவார், மறுபடி எழுந்து வந்து நிற்பார். கடைசியில் களைத்துப்போனது எதிராளிதான். அத்தனை குண்டுக்கும் தப்பியவரை, சண்டை ஓய்ந்த பிறகு வயல் வெயில் கொன்றுவிட்டது.

"வெயிலு பட்டாச் சாவாக? அப்புடின்னா நம்மூர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டோமே வாத்தியாரய்யா!" என்றான் கண்ணுசாமி.

"அத விடு. தாங்கி நடக்குற ராஜபார்ட்டு எனக்குத் தெரிஞ்சு இவரு ஒருத்தருதான். ஒன்ன விட்டா யாருக்கப்பா அது பொருந்தும்?"

கண்ணுசாமி நேரே வீட்டுக்குப் போய், "இந்த ஒரு தடவ வா புள்ள" என்று கெஞ்சினான். "பாப்போம்" என்றாள் மூக்காயி.

யுத்த காலம், மண்ணெண்ணெய் கண்ணில் படவில்லை. அதனால் பங்குனி மாதம் பட்டப்பகலில், வற்றிய கண்மாய்க்குள் நாடகம். ராஜபார்ட் வரும்போது இரண்டு பேர் படுதா பிடிப்பார்கள். பின்னால் நின்று அவர் பாடி முடித்த பிறகே அது விலகும். படுதாவுக்குக் கீழே கால் தெரியுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பபூன் வந்துட்டான்டோய்!"

தாங்கி வந்த காலைக் கண்டதும் கண்மாய் அதிரச் சிரித்தார்கள். படுதா விலகியதும் கண்ணுசாமி கண்ணில் பட்டவள் மூக்காயி. மடியில் மோர்க் கலயம், குனிந்த தலை. பாவி மக்கள், இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடக் கூடாதா!

கண்ணுசாமி காலை மறைக்கவில்லை. அந்தக் காலோடேயே தோற்றான், பின்வாங்கினான், திரும்பி வந்தான். மறுபடி தோற்றான், மறுபடி வந்தான். சிரிப்பு எப்போது அடங்கியதென்றே தெரியவில்லை. "விடாதப்பா, நில்லு!" என்று யாரோ ஒரு பெரியவர் கத்தினார். மூக்காயி தலையை நிமிர்த்தினாள்.

கடைசிக் காட்சி. கம்பளிக் கோட்டோடு உச்சி வெயிலில் வயல் பார்க்க வந்த ஜெனரல் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவன் விழுந்த விதத்தில் வாத்தியாரே எழுந்துவிட்டார்.

"ஐயோ, ஏங்க!" கலயத்தோடு மேடைக்கு ஓடிவந்த மூக்காயி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த வெயில்ல கம்பளியப் போட்டுவிட்டுட்டு வேடிக்க பாக்குறீகளே, மனுசங்களா நீங்க?"

செத்தவன் ஒரு கண்ணைத் திறந்தான். "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. கதைல சாகுறேன். அங்கிட்டுப் போ."

"கதையாவது கத்தரிக்காயாவது. மொதல்ல குடிங்க."

இறந்துபோன அமெரிக்க ஜெனரல் அத்தனை பேர் முன்னால் மோர் குடித்தார். இனி ஊரே சிரிக்கப்போகிறது என்று கண்ணுசாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கூட்டத்திலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள் மூக்காயி. "ஒருத்தரும் சிரிக்கல."