இறக்கைச் சுவர்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் தடுப்புச் சுவருக்குப் பலகைகளை போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம், இது என்ன சிமெண்டா என்று சும்மாதான் கேட்டேன். "இல்லைங்க, பழைய காத்தாலை இறக்கை. அரைச்சு, பசை கலந்து, பலகையா அழுத்துறாங்க. வண்டிச் சத்தம் வீட்டுக்குள்ள போகாது" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் கற்பனை.

2

'வானத்தை அளந்த ராட்சத இறக்கைகள் இன்று மண்ணில்...'

(வேண்டாம். இது மேடைப் பேச்சு.)

அவள் இறக்கை அறுப்பவள். தெரு நீளத்துக்குக் கிடக்கும் இறக்கையை இயந்திர வாளால் துண்டு போடுவாள். முகமூடியும் காதடைப்பும் போட்டிருப்பதால் வேலையிடத்தில் எல்லாம் கைச்சாடைதான். வீட்டில் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பேச ஆளில்லை. ஜன்னலுக்கு நேரே நெடுஞ்சாலை. மேட்டில் திணறும் லாரியிடம், "மெதுவாப் போயேன், யார் துரத்துறா?" என்பாள்.

(புருஷனை லாரி ஓட்டுநர் ஆக்கலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். சத்தம் பிடிக்க ஒருத்திக்குக் காரணம் எதற்கு?)

3

"முதல் லோடு பலகை உங்க தெருவுக்குத்தாம்மா. இனிமே நிம்மதியாத் தூங்குங்க" என்றார் மேற்பார்வையாளர். அவளும் சிரித்து வைத்தாள்.

சுவர் எழுந்த அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தாள். தான் மெல்லும் சத்தம் தனக்கே கேட்டது. தொலைக்காட்சியைப் போட்டாள். அதில் யார் யாரோ யார் யாரிடமோ பேசினார்கள். அணைத்துவிட்டாள். சோற்றை மூடி வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டாள். தன் ஜன்னலுக்கு நேரே உள்ள பலகையை மட்டும் கழற்றிவிட்டால் போதும்.

4

மாடிப்படியில் மேல்வீட்டுப் பெண், தோளில் கைக்குழந்தை.

"அக்கா, இந்தச் சுவர் செய்யற எடத்துலதானே வேலை பாக்கறீங்க?"

"ஆமா."

"பொறந்ததிலேருந்து இவ பகல்ல கண் மூடினதில்லைக்கா. இன்னிக்குத்தான் தூங்கினா. நானும் தூங்கிட்டேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல."

பை தோளை இழுத்தது. குழந்தையின் பாதத்தைத் தொடப் போனவள், தன் விரலிடுக்கில் இறக்கைத் தூளைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"தூங்கட்டும்" என்றாள்.

5

பலகையைக் கழற்ற அவள் போகவில்லை. அதுவரை உறுதி.

ஒரு முடிவு: மேல்வீட்டுப் பெண்ணே கதவைத் தட்டி, "இவளைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களாக்கா?" என்கிறாள். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கி...

இதை என்னால் எழுத முடியாது.

அவள் இப்போது கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடி நிற்கிறாள். சாலைச் சத்தம் இல்லாததால் மேலே குழந்தை சிணுங்குவது தெளிவாகக் கேட்கிறது. ஏறிப்போய்த் தட்ட ஒரு சாக்கு வேண்டும். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

உங்களுக்கு?